யாரோ நகர்த்திய வரிசை

எதிராளியின் பகடையை ஃபவுஸ்தோ பிரெஸ்ஸான் முதலில் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். டம்ளர் அவருடையது, உப்பும் அவருடையது. தண்ணீர் மட்டும் கிளப் குழாயில் பிடிப்பார், அதையும் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகு. மிதக்கும் பகடையை விரல் நுனியால் சுண்டி, அது உருண்டு நிற்கும்போது எந்த முகம் மேலே வருகிறது என்று பார்ப்பார். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் அதன் வயிற்றுக்குள் கனமாக ஏதோ ஒளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பகடைகூட அகப்படவில்லை. அதனால் அவர் சந்தேகம் குறைந்துவிடவில்லை. கள்ளப் பகடையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், அவ்வளவு உஷாரான ஆட்கள் என்பது அவர் முடிவு.

"உன் மேல சந்தேகம் இல்ல ராஜா. பகடை மேலதான்" என்று சொல்லி, கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார். சொல்லும்போது கண் என்னவோ எதிரே ஆடும் கெப்ருவின் சட்டைக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கெப்ருவுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. மெல்போர்னில் ஃபுட்ஸ்க்ரேக்குக் குடிவந்த புதிதில், நிறைந்த டிராமில் ஏறும் பரிசோதகர்கள் மற்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு நேராக அவனிடம்தான் வருவார்கள். பிரெஸ்ஸான் வேலையில் இருந்த காலமெல்லாம் மெல்போர்ன் டிராம்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் என்று தெரிந்த அன்றைக்கே, மேஜைப் போரில் எதிர்ப்படையை நடத்தும் அவரை வழக்கம்போல ஜெனரல் என்று கூப்பிட்டு, கெப்ரு கேட்டுவிட்டான்.

"என்னை எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா ஜெனரல்?"

"இருக்கலாம். உன்கிட்ட டிக்கெட் இருந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு."

"சரியான டிக்கெட்டா?"

கெப்ரு சிரித்தான். பிரெஸ்ஸான் சிரிக்கவில்லை. டிக்கெட் இல்லாதவன்தான் பாக்கெட்டைத் தடவுவான், இருக்கிறவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவான், அதனால் இரண்டு பேரையும் விடக் கூடாது என்று தன் தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

கெப்ரு இப்போது பஸ் ஓட்டுகிறான். எத்தியோப்பியாவில் அவன் பிறந்த ஊரில் வீட்டு வாசலில் நின்றால் அட்வா மலைகள் தெரியும். பிரெஸ்ஸான் வெனிஸுக்கு வடக்கே ஏதோ ஒரு சோளக்காட்டு ஊரில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இத்தாலியப் படை அந்த மலைகளுக்கு நடுவே வழிதவறிப் போய் எத்தியோப்பியர்களிடம் சிதறியதே, அந்தச் சண்டையை இவர்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் மார்ச் மாத வெயிலில், புல்தரையில் பந்து உருட்டுகிறவர்களின் பௌலிங் கிளப் பின்னறையில், மேஜை மேல் மறுபடியும் போடுகிறார்கள். முன்பு எத்தியோப்பியப் படையை நடத்திய கிழவர் ஒருவர் மகள் வீட்டோடு போய்விட, அந்த இடத்துக்கு பிரெஸ்ஸானே கெப்ருவைக் கூப்பிட்டார். அதுதான் கெப்ருவுக்கு உதைத்தது. யாரையும் நம்பாத மனுஷன் என்னை மட்டும் எதற்குக் கூப்பிடுகிறார்? அட்வாக்காரனையே எதிரில் உட்கார வைத்து ஜெயித்து, பாட்டன் காலத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறாரோ என்று இவன் மனதில் ஒரு முள்.

மேஜையைப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் வெள்ளை நுரைக் கட்டிகளைச் செதுக்கிச் செய்த மலைகள். மண்ணுக்கு, கெப்ரு வழக்கமாகப் போகும் காப்பிக் கடையிலிருந்து வாங்கி வந்து காயவைத்த காப்பிச் சக்கை. அதைப் பிரெஸ்ஸான் சல்லடையில் சலித்த பிறகுதான் பசை போட்டு ஒட்டவிட்டார். சலித்ததில் என்ன தேடினார் என்று யாருக்கும் தெரியாது. மலைகளுக்கு நடுவே கட்டைவிரல் கணு உயரத்தில் ஈயச் சிப்பாய்கள். வெள்ளை உடுப்பில் கெப்ருவின் ஈட்டிக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் கூட்டம் கூட்டமாக. எதிரே பிரெஸ்ஸானின் இத்தாலியர்கள், அவர்களுக்கும் முன்னால் தள்ளி அவருடைய அஸ்காரிகள். இத்தாலி சம்பளம் கொடுத்துச் சேர்த்த எரித்திரியச் சிப்பாய்கள் அவர்கள். உயரமான சிவப்புத் தொப்பி, தொப்பியில் குஞ்சம். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்தான், கெப்ருவின் வீட்டு மொழியைப் பேசுகிறவர்கள். அவர்களைச் சாய்க்கும்போதெல்லாம் கெப்ருவுக்கு வாயில் ஒரு கசப்புத் தட்டும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இத்தாலியப் படையை பிரெஸ்ஸான் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். "தோக்கறதுக்கும் ஒரு மரியாதை வேணும். இவங்ககிட்ட குடுத்தா மத்தியானமே மலையை விட்டு இறங்கி ஓடிருவாங்க" என்பார். மேஜை மேல் சரித்திரத்தை மாற்ற இடம் உண்டு. வழிதவறாமல் போகலாம், படைகளைச் சேர்த்து வைக்கலாம். அவரும் ஒவ்வொரு வருஷமும் மாற்றத்தான் பார்க்கிறார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயிக்காததற்குக் காரணம் தன் யுத்தி அல்ல, இந்த அறையில் யாரோ ஒருத்தர் யோக்கியமில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சமும் ஐயமில்லை.

ஆட்டம் ஒரு ஞாயிறில் முடியாது. பாதியில் விட்டு, மேலே பழைய போர்வையைக் கூடாரம் போல விரித்து மூடிவிட்டு, அடுத்த ஞாயிறு தொடர்வார்கள். அடுத்தவர் சிப்பாயைத் தொடக் கூடாது என்பது அங்கே சொல்லாமலே எல்லோரும் அறிந்த சட்டம். செத்துப்போன சிப்பாயைக்கூட அவனுடைய சொந்தக்காரர்தான் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். பிரெஸ்ஸானுக்குச் சட்டம் போதாது. போர்வையின் நுனியில் கறுப்பு நூலைக் கட்டி மேஜைக் காலோடு முடிச்சுப் போடுவார். மேஜை ஓரத்தில் கோதுமை மாவைத் தூவிவிட்டுப் போவார். ஒரு தடவை மாவில் எலியின் காலடித் தடம் இருந்தது. அன்று மத்தியானம் முழுவதும் அது யார் வீட்டு எலி என்கிற விசாரணை நடந்தது.

"எலியையும் தண்ணில மிதக்கவிட்டுப் பாக்கறீங்களா கண்ணு?" என்றாள் கெய்லீன். கிளப்பின் செயலாளர் அவள். தேநீர்க் கெட்டிலும், சாவிக் கொத்தும், எல்லோருடைய சண்டையும் அவள் பொறுப்பு. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

கெப்ருவின் மனதில் இருந்த முள் இந்த வருஷம் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. பிரெஸ்ஸான் நன்றாகச் சாயம் தீட்டுவார், அதில் கிளப்பில் யாரும் அவர் கிட்டே வர முடியாது. பழைய அஸ்காரிகள் ஒவ்வொருவன் முகத்திலும் ஒவ்வொரு மாநிறம், ஊசி முனையால் வைத்த மாதிரி இரண்டு கண்கள், சிலருக்குத் தாடி நரைகூட உண்டு. இந்த வருஷம் புதிதாக ஒரு பட்டாளத்தைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் முகம் சேறு அப்பினாற்போல் இருந்தது. கண் என்று வைத்த வெள்ளைப் புள்ளி கன்னத்தில் கிடந்தது, ஒருவனுக்கு மூக்குக்குக் கீழே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பழையபடி ஒழுங்காக இருக்க, கறுப்பு முகங்கள் மட்டும் இப்படி. கெப்ரு பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டான். ஓ, இதுதானா உன் மனசு என்று நினைத்துக்கொண்டான். இத்தாலியர்கள் எல்லாம் பழைய வருஷங்களில் தீட்டியவர்கள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் பிடித்தவனோடு பழகினால் நமக்கும் அது ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாவது ஞாயிறு நல்ல வெக்கை. கெய்லீன் சாவியைக் கெப்ருவிடம் கொடுத்து வைத்திருந்ததால் அவனே முதலில் வந்து ஜன்னல்களைத் திறந்தான். பிரெஸ்ஸான் வந்தார், நூலைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், போர்வையைத் தூக்கினார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"யாரோ நகத்தியிருக்காங்க" என்றார்.

புது அஸ்காரிகளின் வரிசையைத்தான் சொன்னார். அவர்கள் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சிப்பாய்கள் நேர்கோட்டில் நின்றால்தான் எல்லோரும் ஒருசேரச் சுடலாம். வரிசை கோணினால் அந்தச் சலுகை போய்விடும். போனால் லாபம், அந்த வரிசைக்கு எதிரே ஈட்டிகளோடு காத்திருக்கும் கெப்ருவுக்கு.

"நடுவுல இருக்கற ஆளுங்க மட்டும் எப்படி ராஜா முன்னால வந்தாங்க?"

கெப்ரு குனிந்து பார்த்தான். வரிசை கயிறு பிடித்தாற்போல் நேராக இருந்தது. "யாரும் முன்னால வரலியே ஜெனரல். நேராத்தான் நிக்கறாங்க."

"நேரா? இது நேரா? கதவைத் திறந்தது யாரு?"

"நான்தான்."

"தனியாவா?"

கெய்லீன் தட்டில் லாமிங்டன் கேக்குகளோடு உள்ளே வந்தாள். தட்டைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். "எனக்கு நேராத்தான் தெரியுது கண்ணு."

"உனக்கு எல்லாருமே நேராத்தான் தெரிவாங்க. டிராம்ல ஏறுறவன் எல்லாம் யோக்கியன்னு நெனைக்கற ஆளு நீ. இதை உறுப்பினர் கூட்டத்துல வைக்கணும் நான்."

அந்த வார்த்தைதான் கெப்ருவைத் தைத்தது. அடுத்தவன் படையை நகர்த்தியவன் என்று கூட்டத்தில் பேச்சு வந்தால் ஆளை வெளியே போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனோடு விளையாட மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. அதுகூடப் போகட்டும். காப்பிக் கடையில் ஊர்க்காரர்களிடம், அட்வாவில் நம் படையை நடத்துகிறவன் நான் என்று அவன் பெருமையடித்து வைத்திருக்கிறான். அங்கே தெஸ்ஃபாய் என்று ஒருத்தன், ஆள் கிடைத்தால் வறுத்துவிடுவான். "நம்ம தாத்தனுங்க உசிரைக் குடுத்து நேர்மையா ஜெயிச்ச சண்டைடா அது. அதை நீ ஃபுட்ஸ்க்ரேல விரலால தள்ளி ஜெயிச்சியா?" என்று அவன் கேட்கப்போவது கெப்ருவுக்கு இப்போதே காதில் விழுந்தது. உலகத்தில் எந்தச் சண்டையில் வேண்டுமானாலும் கள்ளன் என்று பெயர் வாங்கலாம், அட்வாவில் வாங்கக் கூடாது.

பாக்கெட்டிலிருந்து கிளப் சாவியை எடுத்து மேஜை ஓரத்து மாவில் வைத்தான். "நான் தொடல ஜெனரல். தொட்டேன்னு நீங்க நெனச்சா நான் இங்க வரல."

"அளந்து பாத்துட்டாப் போச்சு" என்றாள் கெய்லீன். "ஸ்கேல் எதுக்கு இருக்கு?"

பிரெஸ்ஸான் காத்திருந்ததே அதற்குத்தான். மடித்துச் சுருட்டும் டேப்புகளை அவர் நம்புவதில்லை, அவை இழுத்தால் நீளும் என்பார். அவரிடம் ஓர் எஃகு ஸ்கேல் உண்டு. தோல் உறையில் போட்டு எப்போதும் கூடவே கொண்டுவருவார். வந்ததும் அதைத் தன் நாற்காலியில் வைத்து அதன்மேல்தான் உட்காருவார். இந்த உலகத்தில் அவர் முழுதாக நம்பிய பொருள் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். உறையிலிருந்து உருவி, அஸ்காரிகளின் பாதங்களை ஒட்டி மேஜை மேல் கிடத்தினார். இப்போ பாருங்கள் என்கிற மாதிரி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"இது யாரோட ஸ்கேல்?"

"உங்களோடதுதான்."

"வளைஞ்சிருக்கு. யாரோ வளைச்சிருக்காங்க."

கெய்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெப்ருவுக்கு வரவில்லை. பிரெஸ்ஸான் ஸ்கேலைப் புரட்டிப் போட்டார். வளைந்திருந்தால் புரட்டும்போது வளைவு எதிர்ப்பக்கம் போக வேண்டும். அவருக்குப் போகவில்லை போலிருக்கிறது. இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஸ்கேல் விளிம்பில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டினார். விரல் எங்கும் தட்டவில்லை. மறுபடி ஓட்டினார். நிமிர்ந்து ஜன்னல் சட்டத்தைப் பார்த்தார். கதவு நிலையைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்தினார், எடுத்தார், மற்றதைப் பொத்தினார். அவர் முகத்தில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனின் களை.

கெப்ருவின் பார்வை புது அஸ்காரிகளிடம் போயிற்று. கன்னத்தில் வெள்ளைப் புள்ளி. மூக்குக்குக் கீழே வெள்ளைப் புள்ளி.

"ஜெனரல், இவங்களுக்கு எப்ப முகம் வரைஞ்சீங்க?"

"போன குளிர்காலம். ஏன்?"

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?"

"கண்ணு இருக்கற எடத்துல. வேற எங்க வைப்பாங்க?"

"இல்ல. கன்னத்துல இருக்கு."

பிரெஸ்ஸான் கெய்லீன் பக்கம் திரும்பினார். அவள் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். சிரிப்பு எங்கோ போய்விட்டது. "ஆமா கண்ணு. எல்லாருக்கும் தள்ளித்தான் இருக்கு."

"ஏன் யாரும் சொல்லல?"

அவள் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவள் இல்லை. பதில் கெப்ருதான் சொல்ல வேண்டும். "நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு நெனச்சேன்."

"வேணும்னா? நான் எதுக்கு வேணும்னே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கெப்ருவின் முகத்தைப் பார்த்தார். முகத்தின் நடுப்பாகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் புரிந்துவிட்டது. எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, தன்னை இப்படிச் சந்தேகப்பட ஒருத்தன் இருந்தான் என்பது அப்போதுதான் முதல் முறையாக உறைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"இருக்கறதுலயே நல்ல ஆளுங்க இவங்கதாண்டா" என்றார். "மத்தவன் எல்லாம் ஓடினப்பறமும் நிக்கறவனுங்க. இவங்க மூஞ்சிய நான் கெடுப்பனா?"

கெப்ருவுக்கு வெட்கமாக இருந்தது. வருத்தமாகவும் இருந்தது. பிரெஸ்ஸான் மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. எஃகு ஸ்கேலின் முனையால் மாவில் கிடந்த சாவியைக் கெப்ரு பக்கம் தள்ளிவிட்டார். அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். போர்வையை மூடிவிட்டு கெய்லீனே அவரைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் கண் டாக்டர். நேர்கோடு வளைந்து தெரிவது அதன் அடையாளம். வலது கண் ரொம்ப மோசம், இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, இருப்பதைக் காப்பாற்றக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். டாக்டர் காட்டிய கட்டம் போட்ட அட்டையை பிரெஸ்ஸான் தன் ஸ்கேலை வைத்து அளந்த பிறகே ஒப்புக்கொண்டார் என்று கெய்லீன் வந்து சொன்னாள். இப்போது அதே மாதிரி ஓர் அட்டை அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து, இன்றைக்கு எந்தக் கோடு கோணியிருக்கிறது என்று கெப்ருவுக்கு ஃபோன் போடுவார். "நடுவுல மூணு கோடு உன் பக்கம் சாயுது ராஜா. என்ன குடுத்து வாங்கின?"

ஊசிகள் போட்டு, கண்ணின் சிவப்பு ஆறி, அவர் மறுபடி கிளப்புக்கு வந்தபோது குளிர் ஆரம்பித்துவிட்டது. அதுவரை போர்வையை யாரும் தூக்கவில்லை. நூல் அறுந்துபோய் ஒரு முனை தொங்கியது. அவர் அதைக் கையால் தடவிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. உப்புத் தண்ணீர் டம்ளர் பழக்கப்படி வந்து உட்கார்ந்தது. ஸ்கேலின்மேல் அவரும் உட்கார்ந்தார்.

கெப்ருவின் முறை. அவனுடைய ஈட்டிக்காரர்கள் சரிவில் ஏறி அஸ்காரிகளின் வரிசை மேல் பாய்கிறார்கள். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் வரிசை உடையும். அது உடைந்தால் பின்னால் இருக்கும் இத்தாலியர்களுக்கு மறைப்பு இல்லை, இந்த வருஷமும் அட்வா அட்வாதான். கெய்லீன் கெட்டிலை நிரப்ப உள்ளே போயிருந்தாள். கெப்ரு பகடையைக் கைக்குள் குலுக்கிவிட்டான். அது உருண்டுபோய் மலையடியில், காப்பிச் சக்கையில் ஒரு மூலை புதைய, சாய்ந்து நின்றது. மேலே தெரிந்தது இரண்டு.

சாய்ந்து நிற்கும் பகடை செல்லாது, திரும்பப் போட வேண்டும். அங்கே எல்லோரும் அறிந்த விதி. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது சாய்ந்திருப்பது தெரியாது. தோற்கிற பகடையைச் செல்லாது என்று சொல்கிறவனை இந்த அறையில் யார் நம்புவார்கள்? இரண்டு என்றே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் கெப்ரு யோசித்தான். அப்படி இருந்துவிட்டால் கிழவருக்குப் பிச்சை போட்டது மாதிரி ஆகும். அவர் மரியாதையாகத் தோற்க வந்தவர்.

"ஜெனரல், பகடை சாஞ்சிருக்கு. திரும்பப் போடணும்."

"என்ன காட்டுது?"

"ரெண்டு."

"சாஞ்சிருந்தா போடத்தான் வேணும். போடு."

கெப்ரு போட்டான். இந்த முறை பகடை சமவெளியில் உருண்டு, அழுத்தமாக உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் இன்னொரு தடவை சாய்ந்திருக்கக் கூடாதா என்று அவனுக்கு இருந்தது.

"என்ன விழுந்துச்சு?"

"ஆறு."

உள்ளே கெட்டில் சத்தம் போட ஆரம்பித்தது. பிரெஸ்ஸானின் கை உப்புத் தண்ணீர் டம்ளர் வரை போய் அதன் மேல் நின்றது. கெப்ரு அவர் குனிவதற்காகக் காத்திருந்தான்.

அவர் குனியவில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, வரிசையை விரலால் தடவிக்கொண்டே போய், கொடி பிடித்திருந்த அஸ்காரியைத் தேடிப் பிடித்துத் தூக்கி, ஓரமாக வைக்காமல், கெப்ருவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார்.